முள்ளம்பன்றியார் பிரிக்காத பிளாஸ்டிக்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில், வேலாயுதம் என்கிற முள்ளம்பன்றியார் வளை தோண்டிக் குடியிருந்தார். குடியிருந்தால் மட்டும் போதுமா? வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வளைக்கு ஆன்லைனில் பட்டா கேட்க வேண்டும், முதலில் கேட்பவருக்கே வளை சொந்தம் என்று சிங்கத்தின் அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது.

அதற்காகவே புத்தம் புது லேப்டாப் வாங்கினார் வேலாயுதம். புதுப் பொருளைச் சும்மா திறக்கலாமா? கற்பூரம் காட்டினார். பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று, ஒன்று விடாமல் சந்தனம் அப்பினார். மேலும் கீழும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் தொடவில்லை. பிரித்தால் பழசாகிவிடுமே!

மறுநாளே லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. காலையில் 'வே' என்று தட்டினால் மத்தியானம் திரையில் வந்தது. போதாக்குறைக்குத் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

வேலாயுதம் அதைச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டோக்கன் வாங்கி, படிவத்தை மூன்று பிரதி எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்தார். அங்கே தலைமை இன்ஜினியர் ஆமையார். வேகத்தைச் சோதிக்கக் காட்டிலேயே தகுதி பெற்றவர் அவர் ஒருவர்தானாம். பொத்தானை அழுத்தினார், போய் டீ குடித்தார், வந்து திரையைப் பார்த்தார்.

"இதுக்கு மேல என்ன சார் வேகம் வேணும்? எனக்கே தலை சுத்துது," என்றார். 'வேகம் அபாரம்' என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை மணி நாலரை. விண்ணப்பத்தில் எல்லாம் தட்டியாகிவிட்டது, அனுப்புவதுதான் பாக்கி. அது நகரவே இல்லை. பக்கத்து மரத்து அணில் பூங்காவனம் இறங்கி வந்து லேப்டாப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, காத்து போற வழியெல்லாம் அடைச்சுக் கிடக்கு. பிளாஸ்டிக்கை உரிங்க. உங்க முள்ளு ஒண்ணு குடுங்க, சந்தனத்தை நோண்டி எடுத்துடறேன்."

வேலாயுதத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை அதுவுமாய்ப் பொட்டை அழிக்கச் சொல்கிறாளே, இவளெல்லாம் நல்லா இருப்பாளா? அவளை விரட்டிவிட்டார். சந்தனம் குளிர்ச்சியாயிற்றே, சூடு தணியட்டும் என்று இன்னொரு கிண்ணம் குழைத்து அப்பினார். லேப்டாப் ஒருமுறை விக்கியது. அப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, கண்ணாடி கீறிய பழைய போனில் விண்ணப்பித்த நரியாருக்கு வளை போய்விட்டது.

வேலாயுதம் வளைக்கு வெளியே, கொட்டுகிற மழையில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். காடே திரண்டு வந்து ஆறுதல் சொன்னது. அணில் கண்ணு போட்டதால் வந்த வினை என்று ஒருமனதாக முடிவு செய்து, அவளை மரத்தைவிட்டுத் துரத்தினார்கள். பிறகு லேப்டாப்பை ஆளாளுக்கு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஒரு கீறல் இல்லையேப்பா. இப்பத்தான் கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு," என்றார் கரடியார்.

வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நீதி: குடியிருக்கும் வளை போனாலும் போகட்டும், ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்காதே, பிரிக்கச் சொல்பவரைப் பக்கத்து மரத்தில் இருக்க விடாதே.