சிவப்பைத் தொட்ட முள்

சிக்னலில் பச்சை விழுந்த அதே நொடியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

மாப்பிள்ளை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி அவனுடையது அல்ல, மாமனாருடையது. அதற்கு வயது இருபத்துமூன்று. ஊருக்குக் கிளம்பும்போது அவர் சாவியோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் ஓட்ட வேண்டும். நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் வண்டி மகளுக்கும் மாப்பிள்ளைக்குமே. டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் ஒயர்களோடு மல்லுக்கட்டி ரிட்டயரான மாமியார், வழக்கம்போல் பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஏழு மாத வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டே செக்கப்புக்குப் போய்வரும் மனைவியை நினைத்து, ஆறு நாளும் அவன் முட்டைக் கூடையைச் சுமப்பதுபோல் வண்டியை ஓட்டியிருந்தான். இன்று ஏழாம் நாள். நாலு மணி ரயிலில் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்குகிறார்கள்.

"முள் சிவப்புல நிக்குது," என்றான்.

பக்கத்து சீட்டில் மனைவி வீங்கிய கால்களை அப்போதுதான் முன்னால் நீட்டியிருந்தாள். "கொஞ்சம் காலை நீட்டினா உங்களுக்குப் பொறுக்காதே. இங்க கார்ப்பெட்டுக்கு அடியில வேற ஏதோ கொட்டை மாதிரி உறுத்துது, மிதிச்சா டக்குன்னு உள்ள போயிடுச்சு."

கொட்டையைப் பற்றி விசாரிக்கும் நிலையில் அவன் இல்லை. முள் சிவப்புக்குப் போனால் எஞ்சின் உருகிவிடும் என்று மாமனார் சொன்னது மட்டும் காதில் ரீங்காரமிட்டது. ஹீட்டரை முழுதாகத் திறந்தால் எஞ்சின் சூடு குறையும் என்று எங்கோ படித்திருந்தான். திறந்தான். எஞ்சினுக்குக் குறைந்ததோ என்னவோ, மனைவிக்கு ஏறியது. அடுத்த திருப்பத்தில் இறங்கி ஒரு வாடகைக் காரைப் பிடித்தவள், "நீங்களும் வண்டியும் சேர்ந்து நல்லா வேகுங்க," என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

பானெட்டைத் திறந்தான். ஆவி இல்லை, கருகல் வாசனை இல்லை. அரை மணி நேரம் காத்திருந்து, மூடியில் துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தான். தண்ணீர் கழுத்துவரை நின்றது. இருந்தாலும் கையில் பாட்டில் இருந்ததே என்று ஊற்றினான். அது வழிந்து அவன் பேண்ட்டில், வழியக் கூடாத இடத்தில் இறங்கியது. சாவியைத் திருப்பினான். முள் மறுபடி சிவப்பில் போய் நின்றது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். மெக்கானிக் முதலில் பேண்ட்டைப் பார்த்தார், பிறகு முள்ளைப் பார்த்தார்.

"சென்சார் போயிருக்கும் சார். வண்டி சூடாகல. சூடாகுதுன்னு பொய் சொல்லுது. பழைய வண்டிக்கு இதெல்லாம் ஜலதோஷம் மாதிரி."

புது சென்சார் ஏறியது. முள் இறங்கவில்லை.

"புதுசும் பொய் சொல்லுதா?"

மெக்கானிக் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எஞ்சினுக்கு நேரே நீட்டினார். எண்பத்தெட்டு டிகிரி, இருக்க வேண்டிய சூடுதான். சென்சாரில் மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கினார். முள் தொப்பென்று அடியில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, சிவப்பிலேயே நின்றது.

"சென்சார் யோக்கியன் சார். பழசும் யோக்கியனாத்தான் இருந்திருக்கும். ஒயருதான் எங்கேயோ பாடியைத் தொடுது. டாஷ்போர்டைக் கழட்டணும்."

கழற்றாமல் பார்க்க முடியாதா என்று மாப்பிள்ளை கெஞ்சினான். தனக்கு ஞானக்கண் இன்னும் திறக்கவில்லை என்றார் மெக்கானிக்.

பதினாறு ஸ்க்ரூ டப்பாவில் விழுந்தது. மாமனாரின் பல்செட் மாதிரி டாஷ்போர்டு முழுசாகக் கையோடு வந்தது. வரும்போது ஒரு கிளிப் உடைந்தது. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடியது. சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது.

ரயில் கால் மணி முன்னாலேயே வந்துவிடும் என்றார் மாமனார். "வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"அப்படியே இருக்கு மாமா," என்றான், டாஷ்போர்டை மடியில் வைத்துக்கொண்டு.

மூன்று பத்துக்கு மெக்கானிக் உள்ளிருந்து குரல் கொடுத்தார். சென்சார் ஒயரில் யாரோ இன்னொரு ஒயரை ஒட்டவைத்து, பக்கத்து சீட் கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டுபோயிருந்தார்கள்.

"வேலையைப் பாருங்க சார். மெழுகு நூல் போட்டு, கட்டுக்குக் கட்டு ஒரே அளவு. எங்க ஆளுங்க எவனும் இவ்வளவு பொறுமையா செய்யமாட்டான். எங்க போகுதுன்னு பார்க்கட்டுமா, இல்ல ரயிலுக்குப் போறீங்களா?"

"வெட்டுங்க."

வெட்டினார். முள் நடுவில் வந்து சாதுவாக நின்றது. வெட்டிய துண்டை மாப்பிள்ளை சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டாஷ்போர்டை அவசரமாக மாட்டியதில் ஹாரனைப் பார்க்க நேரமில்லை.

ஸ்டேஷனில் மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். பிறகு தானே ஓட்டுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். மாமியார் பக்கத்தில். பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் மாப்பிள்ளை, முழங்கால் தாடையை இடிக்க. இரண்டாவது திருப்பத்தில் மாமனார் ஹாரன் அடித்தார். கொளுத்துகிற வெயிலில் வைப்பர் ஓடியது.

கண்ணாடியில் அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மனைவி மறுபடி பஸ் கம்பியைப் பிடித்து நிற்பது கண்ணில் தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முள் ஏறியது, சென்சார் மாற்றியது, டாஷ்போர்டைக் கழற்றியது, கடைசியில் சரியானது.

மாமனார் பிரேக் போட்டார். "சரியாயிடுச்சா?"

திட்டவில்லை. வண்டியை இடதுபக்கம் ஒடித்து, ஒரு மேட்டுப் பாதையில் ஏற்றினார். ஏற ஏற, மாமியாரின் செருப்பு கார்ப்பெட்டில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தது. பாவம், பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை. முள் நடுவிலேயே நின்றது. உச்சியைத் தாண்டியதும் மாமனார் ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

"பதினோரு வருஷம் மாப்பிள்ளை. எங்க அக்கா வீட்டுப் பக்கம் திருப்பினாலே முள் ஏறிடும், பாதியில திரும்பிடுவோம். மெக்கானிக்கிட்ட போனா நல்ல பிள்ளையா இறங்கிடும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே மாமா."

"பொண்ணைக் கொடுக்கறப்ப கோபக்காரின்னு சொன்னேனா? தொல்லையை உங்க தலையில கட்டிடலாம்னுதான் வண்டியைத் தர்றதா இருந்தேன். இனிமே எதுக்குத் தரணும்? வாராவாரம் அக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போவேன்."

ஒரு நீல கேட்டின் முன் நிறுத்திவிட்டு, சின்னப் பையன் மாதிரி ஓடிப்போய் மணியடித்தார். மாப்பிள்ளை பின்சீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். கஷ்டப்பட்டுச் சரி செய்தே வண்டியைத் தொலைத்த ஒரே ஆள் உலகத்தில் அவனாகத்தான் இருக்கும்.

மாமியார் திரும்பினார். அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த ஒயர் துண்டை உருவி, மெழுகு நூல் முடிச்சை விரலால் தடவினார். பிறகு, கேட்டருகே வந்துவிட்ட நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்:

"நாளைக்குள்ள இதைப் பழையபடி என் கால் எட்டற இடத்துக்கு இழுத்துக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை, அடுத்த வாரமே வண்டி உங்க வாசல்ல நிக்கும்."