விசாவுக்கு ஆபரேஷன்

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் அரசாங்கம் எத்தனை சோதனைச் சாவடி போட்டாலும் எப்படியாவது கடந்து போய்விடலாம். ஆனால் எல்லையோரத்துக் கொல்லயிலில் நான் குடியிருந்த இடவழிச் சந்தில் 'செக்போஸ்ட்' அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் ஒரு மனிதன் கடந்து போனதாகச் சரித்திரமே கிடையாது. காலையில் தன் வீட்டுக் கேட்டின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றுவிடுவார். எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், பையில் என்ன? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் வழி. ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரையே நிறுத்தி, கொள்கையெல்லாம் இருக்கட்டும், கையில் இருக்கிற பையில் என்ன என்று கேட்டார். அது சர்க்கரை மாத்திரை. எத்தனை வருஷமாக, எந்த டாக்டர் என்று விசாரித்து முடிப்பதற்குள் கூட வந்த ஊர்வலம் அடுத்த வார்டுக்குப் போய்விட்டது.

அவர்மேல் குற்றமில்லை. வளைகுடாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் வாசலில் காவல் நின்றே வயதைத் தொலைத்தவர். தங்கைகளை எல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. ஊருக்கு வந்து வீடு கட்டினார், வீட்டுக்குப் பெரிய கேட் வைத்தார். உள்ளே வருவதற்குத்தான் யாருமில்லை. அவசரக்காரர்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிப் போனார்கள். அண்ணனிடம் மாட்டுவதற்குக் கொசுக்கடியே மேல் என்பது இடவழியின் பொதுவான அபிப்பிராயம்.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. குடும்பம் திருநெல்வேலியில். வாரம் முழுக்க வாடகை வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சனிக்கிழமை ரயிலேறுகிறவன். எனக்கு அவசரம் எதுவும் கிடையாது. அதனால் ரப்பர் தோட்டத்துப் பக்கம் போகாமல் தினமும் அவரிடம் மாட்டிக்கொள்வேன்.

விசா வந்தது ஒரு மழைக்காலத்தில். பனச்சமூடு சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப் போன வண்டியிலிருந்து குதித்ததோ என்னவோ, கேட்டடியில் நனைந்துகொண்டு நின்றது. அண்ணன் வழக்கம்போல மூன்று கேள்வியையும் கேட்டார். நாய்க்குட்டி அவருடைய செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேள்வி கேட்டும் ஓடாத முதல் பிறவி அதுதான் என்று உள்ளே தூக்கிப் போனார். விசா என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். தன் வாழ்க்கையில் கேட்டதும் கிடைத்தது வளைகுடா விசா ஒன்றுதானாம்.

சில மாதங்களில் விசா வாலிபனானான். எல்லைக்கு இரண்டு பக்கமும் அவனுக்குக் காதலிகள் உண்டு என்று தெரிய வந்தது. ஒருநாள் காது கிழிந்து வந்தான். இன்னொரு நாள் பைக்கில் அடிபட்டு மூன்று காலில் வந்தான். மிருக ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா, ஆபரேஷன் செய்தால் இந்த அலைச்சல் அடங்கும், இல்லாவிட்டால் அடுத்த முறை வண்டி தப்பாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. மயக்க மருந்து கொடுத்தால் எல்லோரும் எழுந்துவிடுகிறார்களா என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டார். ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரையும் விடவில்லை. கண்புரைக்காரர், குடலிறக்கக்காரர், கர்ப்பப்பை எடுத்த டீச்சர் என்று ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் நாய்க்குக் கடைப்பிடிப்பதாக முடிவாயிற்று. புண் ஆறுவதற்கு வரால் மீன் வேண்டும் என்று கள்ளிக்காட்டில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஆளுக்குச் சொல்லி வைத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கேட்டை விட்டு அவர் என் வீடுவரை வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் கூட்டிருக்க ஒரு ஆள் வேண்டும். கஞ்சி வாங்கவும் மருந்து வாங்கவும் பக்கத்தில் உட்காரவும் ஒருவர். கூட்டிருக்க ஆளில்லை என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களே அனுதாபமாகப் பார்ப்பார்கள்.

"சாரே, நாளைக்கு ஆஸ்பத்திரியில கூட்டிருக்க வருவியளா?" என்றார்.

"நாய்க்கா?" என்றேன்.

"நாய்க்கு நான் உண்டு. எனக்காக்கும்."

நான் லீவு போட்டேன்.

ராத்திரியிலிருந்து விசாவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விசாவின் எதிரில் சாப்பிட மனசு வராமல் அண்ணனும் பட்டினி. மணம் வந்தால் பையன் ஏங்கிப் போவான், ஒரு நாளைக்கு மீன் பொரிக்காதீர்கள் என்று பக்கத்து வீடுகளுக்கும் உத்தரவு போனது. ஒரு வீட்டில் வேண்டுமென்றே கூடுதலாகப் பொரித்தார்கள்.

காலையில் ஆட்டோவில் ஏறும்போது அவரிடம் பாய், போர்வை, பிளாஸ்க், குளிக்கிற மக், சோப்பு, மாற்று வேட்டி, ஒரு பொட்டலம் ரொட்டி எல்லாம் இருந்தன. விசாவை வெள்ளை வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அதைப் பார்த்து டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அண்ணனுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. "அட்மிட் இல்லியா? இவ்வளவு பெரிய ஆபரேசனுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார்.

விசாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒருவர் ஆட்டோடு வந்தார், ஒரு அம்மா கூடையில் கோழியோடு வந்தார். அண்ணன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எங்கிருந்து என்றுகூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கும் பயம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மனிதர் பெஞ்சிலிருந்து அப்படியே என் தோளில் சரிந்தார். பட்டினிதான் காரணம். ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஓடி வந்து பார்த்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்னச் சொன்னார். ஒரு கடி கடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாரே, அவன் கண்ணு முழிக்கலேன்னா நான் வீட்டுக்கு வரல்ல. நீங்க சாவியக் கொண்டு போங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை பிறந்தபோதுகூட நான் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி உட்கார்ந்ததில்லை.

விசா கண் விழித்தான். நாக்கு வெளியே தொங்க, யார் நீ என்கிற மாதிரி அண்ணனைப் பார்த்தான். புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் புனல் மாட்டியிருந்தார்கள். அண்ணன் ரொட்டி முழுவதையும் நின்றபடியே தின்று முடித்தார்.

வீட்டுக்கு வந்தால் முன்வராந்தாவில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நோயாளியைப் பார்க்க ஆள் வருமாம். இத்தனை வருஷமும் இந்த இடவழியில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றவர் அவர். கேள்வி கேட்டே நோயாளிக்குப் பிரஷரை ஏற்றிவிடுகிறார் என்று நர்சுகள் வெளியே அனுப்பினால், ஜன்னல் வழியாகக் கேட்பார். இப்போது அதெல்லாம் திரும்பி வரும் என்று கணக்கு. சாயா போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தார்.

அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. நாய்க்குத்தானே ஆபரேஷன் என்று ஊர் சிரித்துக்கொண்டு ரப்பர் தோட்டத்து வழியாகப் போனது. நான் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாலு டம்ளர் சாயா குடித்தேன். விசா புனலைக் கேட்டில் இடித்துக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு இடிக்கும் அண்ணன் யாரோ வந்துவிட்டதாக எழுந்து பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ரயிலை விட்டுவிட்டு, நாய்க்குச் சுகமில்லை என்று வீட்டுக்குப் போன் செய்தேன். எந்த நாய் என்று மனைவி கேட்டாள். மத்தியானம் கேட்டில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பூவார் கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வருகிற ரோசிலி. மீன் பெட்டியைப் பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நோயாளிக்கென்று ஆரஞ்சு கொண்டு வந்திருந்தாள். நாய் ஆரஞ்சு தின்னாது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் வெறுங்கையோடு எப்படி வருவது?

அண்ணன் சாயா எடுக்க உள்ளே போனார். ரோசிலி என்னைப் பார்த்தாள். "சாருதானா கூட்டிருக்கப் போனது? நான் வாறேன்னு மொதல்லயே சொன்னேன் கேட்டியளா. இந்த அண்ணன் வேண்டாம்னு சொல்லிச்சு."

"ஏனாம்?"

"அந்த வாடக வீட்டு சாரு பாவமாக்கும், ராத்திரி டிவியச் சத்தமா வெச்சுட்டு வெளிய வந்து நிக்கியாரு, பேச ஒராளு இல்ல. அவர விளிச்சா அவருக்கும் ஒரு நாளு கழிஞ்சிரும். இப்பிடித்தான் சொல்லிச்சு."

உள்ளேயிருந்து அண்ணன் வந்து என் கையில் டம்ளரைத் தந்தார். சூடு போதுமா என்று கேட்டார். போதும் என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டேன். தனியாக இருக்கிற ஒரு மனிதருக்குத் துணை போனேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.