சலமாண்டருக்கு ஹீட்டர் போட்ட கதை

எங்கள் ஆட்களுக்கு ஒருவர்மேல் அன்பு வந்தால் முதலில் கை போவது ஹீட்டருக்குத்தான். தேத்தண்ணி பிறகு. நானும் அப்படித்தான்.

டென்மார்க்கின் யூட்லாந்தில் ஓர் இடம். கண்ணாடிக் கூரைக்குள் மழைக்காடு வளர்க்கிறார்கள். அங்கே எனக்குத் துப்புரவு வேலை. பின்னறைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் சலமாண்டர்கள் இருந்தன. பார்த்தால் பல்லி. ஆனால் தவளைக்குச் சொந்தம். மத்திய அமெரிக்கக் காட்டுப் பிராணி. (இங்கே ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. என்னை அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது.) காடு அழிவதால் இங்கே வைத்து இனத்தைப் பெருக்கப் பார்த்தார்கள். பெண் ஒன்று பாசிக்குள் முட்டையிட்டுக் காவல் கிடந்தது. அதைப் பராமரிக்கும் இங்கர் அந்த அறையில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவிடமாட்டாள்.

பெப்ரவரிக் காலை. துடைக்கப் போனேன். அறை குளிர்ந்து கிடந்தது. சலமாண்டர் அசையவில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"முட்டை போட்டிட்டுக் கிடக்குதப்பா. அறை ஐஸ் மாதிரி."

"பச்சை உடம்பெல்லோ! இவங்களுக்கு உது விளங்காது. சூடு குடுங்கோ."

உடுப்பு மாற்றும் அறையில் ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது. கொண்டுவந்து பெட்டியோடு வைத்து முழுதாக ஏற்றினேன். கதவையும் சாத்தினேன். (சூடு வீணாகக் கூடாதே.)

மண்டபம் துடைத்து முடியவில்லை, இங்கரின் கத்தல் கேட்டது. ஓடினேன். சலமாண்டர் முட்டைகளை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஏறி ஒட்டிக் கிடந்தது.

"ஆர் இதைப் போட்டது?" (டெனிஷில்தான் கேட்டாள். எனக்கு ஞாபகம் தமிழில்.)

"நான்."

"ஏன்?"

"வெயில் நாட்டுப் பிராணி. குளிரும் எண்டு..."

ஜன்னலைத் திறந்தாள். பெப்ரவரி உள்ளே வந்தது. நான் குளிர்ந்த தண்ணீரைப் பனிமாதிரித் தெளித்தேன். இரண்டு பேரும் நடுங்கினோம். அப்போதுதான் சொன்னாள். நாடு வெயில் நாடுதான். ஆனால் இது இருப்பது மலையின் உயரத்தில், முகிலுக்குள். அங்கே எப்போதும் ஈரம், குளிர். மரத்துப் பாசியிலும் இலை மடிப்பிலும் தங்கும். நுரையீரல் கிடையாது. தோலால்தான் மூச்சு. தோல் காய்ந்தால் முடிந்தது. கீழே மரம் வெட்டுகிறார்கள். சூடு கூடக்கூட முகில் மேலே போகிறது. இதுவும் பின்னாலே ஏறுகிறது.

"உச்சிக்குப் போனாப் பிறகு?"

"பிறகு இந்த அறைதான்."

அந்த அறைக்குள்தான் நான் ஹீட்டர் போட்டிருந்தேன்.

அன்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றேன். இருட்டுகிற நேரம் அது கண்ணாடியை விட்டு இறங்கியது. மெல்லப் போய் முட்டைகளைச் சுற்றிப் படுத்தது. இங்கர் என் தோளில் தட்டினாள்.

சில முட்டைகள் பழுதாய்ப் போயின. மிச்சத்தில் குஞ்சுகள் வந்தன, நகத்தளவில். என் வேலை தப்பியது. ஹீட்டர் தப்பவில்லை.

இப்போது வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் ஹீட்டரைத் தொடுவதில்லை. முதலில் கேட்பேன்.

"குளிருதோ?"

வந்தவர் வாய் திறக்க முதல் குசினிக்குள் இருந்து மனைவி குரல் வரும்.

"ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ! பிறகு கண்ணாடியிலைதான் ஏறவேணும்."