முன்மாதிரிப் பிரிவின் சர்க்கரை

“இந்த வாரம் என் சர்க்கரை கொழுந்தனாரோடது” என்று கை கழுவும் இடத்தில் டைப்பிஸ்ட் அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “நாத்தனாரோடது ஏறிடுச்சு, மாத்திட்டேன்.”

எங்கள் குடிநீர்க் கட்டணப் புகார்ப் பிரிவில் இது சாதாரணப் பேச்சு. ஊழியர் நலனில் அளவற்ற அக்கறை கொண்ட மேலதிகாரி, பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்ததும், சர்க்கரை நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவது என்று முடிவெடுத்தார். நடக்கும் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றையும் அங்கிருந்து வாங்கிவந்தார். அதை டிரைவர் கட்டிக்கொண்டு நடப்பார். அடிகள் அதிகாரிக்குச் சேரும்.

ஆளுக்கொரு சோதனைக் கருவி கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில், வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, விரலும் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதோடு நிறுத்தியிருந்தால் நாலு பேர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் ஆரோக்கியத்தை ஊக்குவிக்க வேண்டுமே. சராசரி குறைவாக வரும் பிரிவுக்கு ‘முன்மாதிரிப் பிரிவு’ என்று பலகை. அளவு அதிகமாக வருபவரின் பதவி உயர்வு, ‘அன்னாரின் உடல்நலன் கருதி’, தள்ளிவைக்கப்படும். படத்தில் முகம் தெரிய வேண்டும் என்று மட்டும் உத்தரவில் இல்லை. நல்ல விரல் உள்ள சொந்தக்காரர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடியது. ஒரே மாதத்தில் பலகை எங்களுக்கே வந்தது.

பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர் தலைமை எழுத்தர். மதியத்துக்குள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார். அவர் தன் விரலைக் குத்தியதே இல்லை.

“தெரிஞ்சாத்தானே அது நோய்?” என்பார்.

வீட்டில் மனைவியின் விரலைக் குத்தினார். ஒல்லியான உடம்பு, இனிப்பைத் தொடாதவர். எண்ணைப் பார்த்ததும் தலைமை எழுத்தருக்கு வியர்த்துவிட்டது.

“பதவி உயர்வு வர்ற நேரத்துல இப்படியா பண்ணுவே?”

“என்ன வந்திருக்கு, சொல்லுங்களேன்.”

“அது ஆபீஸ் விஷயம்.”

மறுநாளிலிருந்து டிரைவரைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஏற்கெனவே அதிகாரிக்கும் விரல் கொடுப்பவர். விரலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி, உள்ளங்கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் தலைமை எழுத்தரின் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அதிகாரி எங்கள் மேசைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

“சார், எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. கால் மரத்துப் போகுது. அன்னிக்கு என் விரல்ல என்ன வந்துச்சுன்னு கேட்டா, இவர் ஆபீஸ் விஷயம்ங்கறார்.”

அதிகாரி கனிவோடு விளக்கினார். “ஊழியரோட அளவைத்தான் நாங்க ஏத்துக்குவோம், அம்மா. உங்க அளவு எங்களுக்கு வந்து சேரல. ஆகவே, அது இல்லைன்னே வெச்சுக்கலாம்.”

“உங்ககிட்ட இல்லாட்டி என் உடம்புல இல்லாமப் போயிடுமா?”

“இந்தப் பிரிவுல யாருக்குமே இல்லம்மா. பலகையைப் பாருங்க.”

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார். பிறகு கணவரின் பையைத் திறந்து கருவியை எடுத்து, தன் விரலைத் தானே குத்திக்கொண்டார். எண் இருநூற்றைத் தாண்டி நின்றது.

“விரலை நீட்டுங்க” என்றார் கணவரிடம்.

“நான் இப்பத்தான் டீ குடிச்சேன்.”

“பரவால்ல, நீட்டுங்க.”

புது ஊசி, புதுப் பட்டை. எங்களுக்கு ஊசி குத்திய சத்தம்கூடக் கேட்டது. எண் முந்நூற்றைம்பதையும் தாண்டியிருந்தது. தலைமை எழுத்தர் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார்.

“டீயில இவ்வளவு ஏறாது. சாயங்காலம் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்” என்ற அந்த அம்மாள், இன்னொரு புது ஊசியை மாட்டிக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினார். “நீங்களும் நீட்டுங்க, சார். நல்லதுதானே?”

அதிகாரி இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். நாங்கள் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டோம்.