ஒட்டுவாரொட்டி

“இந்த மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடும்மா” என்றார் இராமசாமி, நாலு அடி தள்ளி நின்றுகொண்டு. அவர் கண் அன்னம்மாவின் முழங்கை மேலேயே இருந்தது.

டன்லப் ஸ்ட்ரீட்டில் மாடிவீடு ஒன்றை மொத்தமாக எடுத்து, பலகை அடித்துத் தடுத்து, தானும் மனைவியும் ஒன்றில் இருந்துகொண்டு, மற்றதை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தவர் அவர். அன்னம்மா ரவிக்கை தைப்பவள். தனி ஆள். இரண்டு மாதமாக முழங்கை மடிப்பில் தோல் கரப்பான் கண்டு சிவந்து, செதிலெடுத்து, அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

“எதுக்குண்ணே?”

“அது ஒட்டுவாரொட்டி. இங்க குழாய், குளிக்கிற ரூம் எல்லாம் பொது லா. நாளைக்கே வீடு பூராப் பரவிடும்.”

“இது ஒட்டாது. நானும் போகமாட்டேன்.”

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்றாள். டாக்டர் பார்த்தவுடனேயே எக்ஸிமா என்றார். தோல் வறண்டு வரும் அரிப்பு. சவுக்காரம் வேண்டாம், பாசிப்பயற்று மாவு போதும். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். சொறியக் கூடாது. யாருக்கும் ஒட்டாது.

“கடைசியா சொன்னீங்கல்ல டாக்டர், அதை மட்டும் எழுதிக் குடுங்க.”

அவர் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அன்னம்மா அதைச் சோற்றுப் பருக்கையால் தன் கதவில் ஒட்டினாள்.

அங்கேதான் வினை. டாக்டரின் கையெழுத்தில் ‘நாட்’ வெறும் கோணல் கோடாக இருந்தது. அடுத்து வந்த, ஒட்டும் என்று அர்த்தமாகும் ‘கண்டேஜியஸ்’ மட்டும் முத்து முத்தாக இருந்தது. இராமசாமி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கத்தினார்.

“பாருங்க, கவர்மெண்டே சீல் போட்டுச் சொல்லிட்டான்!”

சாயங்காலம் அன்னம்மா வாளியோடு போனதும் குழாயடி காலியானது. அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஆற அமரக் குளித்தாள்.

கீழ்த்தளத்து மளிகைக் கடை ஆயிஷா மட்டும் கூப்பிட்டு ஒரு கொத்து வேப்பிலை கொடுத்தாள். “கொதிக்க வச்சு, நல்லா ஆற வச்சு ஊத்துங்க அக்கா. சூடா ஊத்தினா அரிப்பு கூடிடும்.”

ஊற்றினாள். கொஞ்சம் இதமாக இருந்தது. மிச்சக் கொத்தைக் கதவு நாதாங்கியில் செருகிவிட்டுத் தூங்கிப்போனாள்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஓர் இளநீர், ஒரு கிண்ணம் கூழ், சூடம் எரிந்த கரி. எதிர் அறைக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா இறங்கியிருக்கா” என்றாள்.

“எனக்கு அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல!” அன்னம்மா கத்தினாள்.

“ஆத்தா கோவமா இருக்கா” என்று இன்னோர் இளநீர் வந்தது. அன்னம்மா அதையும் குடித்தாள்.

இராமசாமிக்குத்தான் தர்மசங்கடம். நோய்க்காரியைத் துரத்தலாம், ஆத்தாளைத் துரத்த முடியுமா? அந்தப் பாவத்தை யாராவது சர்க்கார் ஆள் சுமக்கட்டும் என்று சுகாதார ஆபீசுக்கு ஃபோன் போட்டார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் யூசுப் வந்தார். வீடே மாடிப்படியில் கூடி நின்றது. அவர் வேப்பிலையைப் பார்த்தார். கதவிலிருந்த காகிதத்தைப் படித்தார். அன்னம்மாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒட்டாதுன்னு டாக்டரே எழுதியிருக்காரே. இது வெறும் எக்ஸிமா. யாரு ஃபோன் பண்ணது?”

“நான்தான். டாக்டருக்கு என்ன சார் தெரியும்? இவ இங்கேயிருந்து போயே ஆகணும்” என்றார் இராமசாமி.

அன்னம்மா தையல் மிஷினைத் தரதரவென்று இழுத்துவந்து வாசற்படியில் போட்டு உட்கார்ந்தாள். “போகமாட்டேன். தூக்கறதா இருந்தா மிஷினோட சேர்த்துத் தூக்குங்க!”

“ஒட்டும் சார், ஒட்டும்! பக்கத்துல நின்னாலே ஒட்டும்!” இராமசாமி இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அவர் மனைவி சந்திரமதி குடித்தனக்காரர்கள் முன்னால் வாயே திறக்காதவள். அடுக்களை வாசலிலிருந்து மெல்ல முன்னால் வந்தாள்.

“அப்படின்னா, இதே கரப்பானை இடுப்பு பூரா வச்சுக்கிட்டுப் பதினோரு வருஷமா என் பக்கத்துல படுக்கிறீங்களே, எனக்கு ஏங்க இன்னும் ஒட்டல?”