அறுபதுநாள் டிரைவரும் பெஞ்சு டூட்டியும்

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் ஒருமுறைதான் ரிட்டையர் ஆகிறார்கள். எங்கள் தெரு அறுபதுநாள் டிரைவர் இருபது முறை ஆனவர். இருபது முறையும் ஃபெயில் ஆனவர்.

அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். வருஷா வருஷம் ஏப்ரல் பாதியில், மீன் முட்டையிடும் காலம் என்று சர்க்கார் தடை போட்டுவிடும். ஜூன் பாதி வரைக்கும் தூத்துக்குடி விசைப்படகு எல்லாம் கரையோடு கரையாகக் கட்டிக் கிடக்கும். பத்து மாதம் காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற மனிதர், அந்த இரண்டு மாதமும் முழுநேரமாக வீட்டில் இருப்பார். அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் தெரு அவருக்கு இந்தப் பேரை வைத்தது. சொந்தப் பேர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

தடை தொடங்கிய முதல் நாளே அடுப்படிக்குள் புகுந்துவிடுவார். "ஏளா, அடுப்பு காத்துக்கு எதித்தாப்புல இருக்கு, திருப்பிப் போடு" என்பார். டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்குவார். அப்படி அடுக்கியதில் காப்பிப்பொடி இருந்த இடத்துக்கு மிளகாய்ப்பொடி வந்துவிட்டது. அன்றைக்குச் சர்ச்சிலிருந்து வீடு மந்திரிக்க வந்து ஒரு வாய் காப்பி குடித்த சாமியார், அடுத்த வருஷம் வாசலில் நின்றே மந்திரித்துவிட்டுப் போனார்.

இஞ்சின் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் மத்தியானம் கிரைண்டரை ஓடவிட்டு, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுப்பார். வெறும் கிரைண்டர் ஓடினால் கல் தேயுமே என்று அவர் மனைவி லூர்தக்கா அரிசியையும் உளுந்தையும் அள்ளிப் போடுவார். வீட்டில் மூன்று வேளையும் தோசை. மிச்ச மாவு தெரு முழுக்கப் போகும். எங்கள் தெருவில் கோடை வந்துவிட்டதை நாங்கள் வெயிலை வைத்துத் தெரிந்துகொண்டதில்லை, மாவை வைத்துத்தான்.

இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் கடைசியில் நானும் ரிட்டையர் ஆனேன்.

கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிற வேலை, முப்பத்தைந்து வருஷம். என்னைப் போலத் திட்டம் போட்டு ஓய்வு பெற்றவன் கிடையாது. நடை, யோகா, புத்தகம், இந்தி என்று அரைமணி அரைமணியாக அட்டவணை போட்டு, லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். இரண்டாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்றேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மூன்றாம் நாள், மனைவி வாங்கிவந்த காய்கறியைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து லிஸ்ட்டோடு ஒத்துப்பார்த்து டிக் அடித்தேன். நான்காம் நாள், லிஸ்ட்டில் இல்லாத வெண்டைக்காய் எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டேன்.

பாவம், இரண்டு வாரம் பொறுத்தாள். தடைக்காலம் தொடங்கிய அன்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த டிரைவர் அண்ணனைப் போய்ப் பாருங்க. சும்மா இருந்து இருவது வருசம் பழகுன ஆளு."

போனேன். வாசலிலேயே லூர்தக்கா என்னை மடக்கினார்.

"சார், இவுககிட்ட கடலைப் பத்தி எதுவும் கேட்டுராதீக. கண்ணு மங்கிட்டு. தடை முடிஞ்சாலும் போட்டுல ஏத்த மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு. வேற டிரைவரும் போட்டாச்சு. இந்த மனுசன் யார்ட்டயும் மூச்சு விடல. தடை முடியித அன்னைக்கு என்ன செய்யப்போறாகளோ, தெரியல."

ஒன்றும் தெரியாதவன் போல் உள்ளே போனேன்.

"என்ன சார், மூஞ்சி கரையேத்துன போட்டு மாதிரி இருக்கு?"

"ரிட்டையர் ஆயிட்டேன் அண்ணாச்சி. வீட்ல இருக்க முடியல."

"எத்தன நாளைக்கு?"

"எத்தன நாளைக்கா? இனிமே இப்பிடித்தான்."

"சேசுவே!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அது எனக்காக மட்டும் போட்ட சிலுவை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பிறகு சட்டென்று எழுந்தார். "வீட்ல கெடந்தா ரெண்டு பேரையும் பத்திவிட்டுருவாளுவ. நாளையிலேர்ந்து நமக்கு டூட்டி, சார். ஒம்பது மணிக்கு வந்துருங்க."

டூட்டி என்றால் பீச் ரோட்டில் ஒரு சிமென்ட் பெஞ்சு. ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்து உட்காருவோம். சாலையில் போகிற வண்டிகளைத் திட்டுவது அவர் வேலை. "ஸ்டியரிங்கப் பிடிக்கான் பாருங்க, முருங்கக்காயப் பிடிச்ச மாதிரி!" என்பார். கண் மங்கியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

என் வேலை இன்னும் கேவலம். தினமும் பதினொரு மணிக்கு, ஆபீஸில் என் சீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் போன் போட்டு, ஏதாவது தப்புச் செய்திருக்கிறாளா என்று துருவுவேன். பட்டியலின் மூன்றாவது நகலை அனுப்பினாயா, முத்திரை குத்தினாயா என்று கேட்பேன். "எல்லாம் ஆச்சு சார்" என்பாள். வருத்தத்தோடு போனை வைப்பேன்.

"மாட்டுனாளா?" என்பார் டிரைவர்.

"இல்ல அண்ணாச்சி."

"விடுங்க, நாளைக்கு மாட்டுவா."

இப்படி இரண்டு மாதம் ஓடியது. தன் படகைப் பற்றி டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பும்போதெல்லாம் லூர்தக்கா கண்ணாலேயே கேட்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

தடை முடிந்த அன்று விடியற்காலையில் லூர்தக்கா கதவைத் தட்டினார். "ஆளைக் காணல சார்!" சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, பெஞ்சில்தான் இருந்தார். மணி ஐந்து. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் போட்டுக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் ஆயில் மாத்தாமக் கொண்டு போறான். இந்தா வாரானே, இவனுக்கு என்ன அவசரம்? மீனு ஓடியா போயிரும்?" என்று ஒருவரையும் விடாமல் திட்டினார். அப்புறம் ஒரு சத்தம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"நான் இருவத்திரெண்டு வருசம் ஓட்டுன போட்டு, சார்."

அவரைத் தேற்ற, நானாக இருந்தால் கேட்க ஆசைப்படுவதைச் சொன்னேன். "புதுப் பயலுக்கு என்ன அண்ணாச்சி தெரியும்?"

"இல்ல சார். ஹார்பர் வாயில ஒரு நீர் இழுப்பு உண்டு, அங்கன வேகத்தக் கொறைக்கணும். கொறைச்சுட்டான், கேட்டீகளா?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நல்லாத்தான் ஓட்டுதான்."

அவர் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

அன்று பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, "நல்லாப் பண்றம்மா" என்றேன். "சார், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள். அதோடு போன் செய்வதை விட்டுவிட்டேன். அப்புறம் இரண்டே இரண்டு தடவைதான் செய்தேன்.

மறுநாள் பயந்துகொண்டேதான் போனேன். மனிதர் இனிமேல் கடல் இருக்கிற திசைக்கே வரமாட்டார், பெஞ்சில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், நேரங்காலம் கெடையாதா? ஒத்தையில எம்புட்டு நேரம் உக்காந்திருக்க?"

ஒன்பதாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, அவரை ஒட்டி உட்கார்ந்தேன்.