இன்னொருக்கா அண்ணன்

தர்மபுரி மாவட்டத்தில் சாத்தானுக்குப் பயப்படாதவர்கள் இருக்கலாம். எங்கள் சபையில் இன்னொருக்கா அண்ணனுக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது.

பாப்பாரப்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் பாப்டிஸ்ட் சபை ரொம்பப் பழையது. ஆதியில் ஏரியில்தான் ஞானஸ்நானம். ஏரி அடிக்கடி வற்றி ஏமாற்றியதால், பெரியவர்கள் பிரசங்க மேடைக்கு அடியில் ஒரு தொட்டி கட்டினார்கள். அதற்குத் தண்ணீர் நிரப்புவது அண்ணன் வேலை. கண்காணிப்பு அவராகவே எடுத்துக்கொண்டது.

எங்களுக்குத் தலையில் தெளித்தால் செல்லாது. ஆள் முழுசாக முங்க வேண்டும். அண்ணன் தொட்டி ஓரத்தில் நின்று பார்ப்பார்.

"பாஸ்டரய்யா, முழங்கை நனையலீங்க. இன்னொருக்கா."

எனக்குத் தொப்பை மேலேயே நின்றுவிட்டது. எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று நினைவில்லை. இருமல் மட்டும் கிறிஸ்துமஸ் வரை இருந்தது.

இவ்வளவு கறாரானவர், ஞானஸ்நானம் பெற்றவர்களே அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கும் திருவிருந்து நேரத்தில் மட்டும் வெளியே போய்விடுவார். வாசலில் நின்று எங்கள் செருப்புக்கெல்லாம் காவல். என்ன தாழ்மை என்று நாங்களும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் புதுப் பாஸ்டர் வந்தார். இளைஞர். "தொட்டிய மூடிட்டு மேல டிரம்ஸ் வெச்சிக்கலாங்க. ஞானஸ்நானத்துக்கு ஒகேனக்கல் ஆத்துக்கு வேன்ல போயிக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

அண்ணன் எழுந்தார். "மூடக்கூடாதுங்க."

"ஏங்கண்ணா?"

"நான் இன்னும் முங்கலீங்க."

மேடையைப் பார்த்தபடியே சொன்னார்:

"சின்னதுலேருந்து தண்ணின்னா பயங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன். நீங்க எல்லாரும் நான் ஞானஸ்நானம் எடுத்துட்டவன்னே நெனச்சிட்டீங்க. சொல்ல வெக்கமாப் போச்சு. இந்தத் தொட்டியே நடுக்கமா இருக்குது, ஆத்துல எல்லாம் என்னால ஆவாதுங்க. சாவறதுக்குள்ள ஒருக்கா உங்ககூட உக்காந்து அப்பம் எடுக்கணும்."

அடுத்த ஞாயிறு அவரே தண்ணீர் நிரப்பினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மியாக. பாஸ்டரின் கழுத்தை அவர் பிடித்த பிடியில், யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒருவழியாக முங்கினார். இடது கால் மட்டும் வெளியே நின்றது.

சபை மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: "பாஸ்டரய்யா, கால் நனையலீங்க. இன்னொருக்கா."

மூக்கில் ஏறிய தண்ணீரோடு எழுந்தவர் எங்களைப் பார்த்தார். "சரியாத்தான் பாக்கறாங்க" என்று சிரித்துவிட்டு, கழுத்தை விட்டுத் தானாகவே முங்கினார். இந்தத் தடவை காலும் போனது. டிரம்ஸை ஓரமாக வைத்துக்கொள்வதாகப் பாஸ்டரே சொல்லிவிட்டார்.

அன்று திருவிருந்தில் அண்ணன் ஈரத்தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தால் என் புதுச் செருப்பைக் காணோம். காவலுக்குத்தான் ஆள் இல்லையே. கொளுத்துகிற வெயிலில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். அவர் உள்ளே இருந்தாரே, அது போதும் என்றிருந்தது.